சிப்ஸ் கடை விக்டோரியா

விக்டோரியாவுக்குப் பதினேழு வயதானபோது அவளுடைய அப்பாவைக் காட்டுப்பன்றி குத்தியது. திற்பரப்புக்கு மேலே, ரப்பர் தோட்டங்களைத் தாண்டி, அவர் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, நிலம் எடுத்து ஏத்தன் வாழை வைத்திருந்தார். ஏத்தன் என்று எங்கள் பக்கத்தில் சொல்வது நேந்திரனை. விடிந்து வெயில் வந்த பிறகும் காட்டுக்குள் போகாமல் ஒரு பன்றி வாழைக்கிழங்கைத் தோண்டிக்கொண்டிருந்தது. அவர் கல்லெடுத்து எறிந்தார். அது ஓடவில்லை, திரும்பி வந்தது. தொடையைக் கிழித்து அவரைக் கீழே தள்ளி, விழுந்தவரை மறுபடியும் முட்டியது. பின்னால் கஞ்சித் தூக்கோடு வந்துகொண்டிருந்த விக்டோரியா தூக்கைப் போட்டுவிட்டு மம்பட்டியை எடுத்தாள். முதல் வெட்டு முதுகில் பட்டு வழுக்கியது. பன்றி அவள் பக்கம் திரும்பி இடது கெண்டைக்காலைக் கிழித்தது. இரண்டாவது வெட்டு கழுத்தில் இறங்கியது. ரப்பர் வெட்டுகிறவர்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தபோது பன்றி செத்து நேரமாகியிருந்தது. அவள் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா பிழைத்தார், நொண்டியாக. இதை அவள் என்னிடம் சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு. பெருமையாகச் சொல்லவில்லை.

"எனக்கு நிறுத்தத் தெரியல்ல சாரே. கை அதுபாட்டுக்குப் போவுது" என்றாள்.

இருபத்திரண்டு வயதில் அவளை நாகர்கோவிலில் யேசுதாசனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ரோட்டில் அவன் தள்ளுவண்டி போட்டு ஏத்தங்காய் சிப்ஸ் பொரித்து விற்றுக்கொண்டிருந்தான். பார்க்க நன்றாக இருப்பான், சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடுவான், வாங்க வருகிற பெண்களை எல்லாம் அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவான். சிப்ஸ்தான் சரியில்லை. பாதி கருகியிருக்கும், பாதி நமுத்திருக்கும்.

விக்டோரியா வந்த பிறகு அது மாறியது. குலையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தே காய் விளைந்ததா இல்லையா என்று அவள் சொல்லிவிடுவாள். காயின் விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும், ஆனால் குலையில் ஒரு காய்கூடப் பழுக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. உரித்த காயை மஞ்சள் தண்ணீரில் போட்டு எடுத்து, கொதிக்கிற தேங்காயெண்ணெய்க்கு மேலேயே சீவும் பலகையைப் பிடித்து நேராக உருளிக்குள் சீவி விடுவாள். பாதி வெந்ததும் ஒரு கரண்டி உப்புத் தண்ணீரை எண்ணெயில் விட வேண்டும். எண்ணெய் சடசடவென்று இரைந்து விளிம்புவரை பொங்கும். அந்த இரைச்சல் அடங்குவதைக் காதால் கேட்டுத்தான் ஜல்லிக்கரண்டியைப் போட்டு அள்ளுவாள். உப்புத் தண்ணீர் ஒரு கரண்டிக்கு மேல் போனால் உருளி பொங்கி அடுப்பில் வழிந்துவிடும். அதனால் தண்ணீர்ப் பானையை உருளியை ஒட்டி வைக்காமல், எப்போதும் கை எட்டி எடுக்கிற தூரத்தில்தான் வைத்திருப்பாள்.

சில வருடங்களில் தள்ளுவண்டி கடையானது. "தாசன் சிப்ஸ்" என்று பலகை எழுதினார்கள். முன்னால் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னே யேசுதாசன் நிற்பான். அவனுக்குப் பின்னால் இடுப்புயரத்துக்கு ஒரு சுவர், அதற்கு அந்தப் பக்கம் அடுப்பும் உருளியும் விக்டோரியாவும்.

நான் அந்தக் கடைக்குப் போகத் தொடங்கியது அப்போதுதான். ஒரு கல்லூரியில் ஆய்வகத்தில் வேலை எனக்கு. அண்ணன் தோஹாவில் இருந்தான். ஊரிலிருந்து யார் விமானம் ஏறினாலும் அவர் கையில் ஒரு அட்டைப்பெட்டி கொடுத்துவிட வேண்டும், அதை நிரப்புவது என் பொறுப்பு. மட்டிப்பழம் வடசேரிச் சந்தையில், குலை வெட்டி இரண்டு நாள் கூட ஆகாததாகப் பார்த்து. கருப்பட்டி, சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிற கிழவிகளிடம் மட்டும். கடைக்காரனிடம் வாங்கினால் சீனி கலந்திருக்கும், நாக்கில் வைத்தால் தெரியும். கிராம்பும் நல்லமிளகும் மலையிலிருந்து நேரே வருகிற ஒருவரிடம். நெத்திலிக் கருவாடு குளச்சலிலிருந்து கூடையோடு பஸ்ஸில் வந்து இறங்குகிற பெண்களிடம், பதினோரு மணிக்குள். முந்திரிக்கொத்துப் பலகாரம் கோட்டாற்றில் ஒரு வீட்டில், முதல் நாளே சொல்லிவைத்தால்தான் உண்டு. சிப்ஸுக்கு மட்டும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆட்டோக்காரர் முதல் டாக்டர் வரை யாரைக் கேட்டாலும் தாசன் கடையைத்தான் கைகாட்டுவார்கள்.

எண்ணெய்க்கு முன்னால் நிற்பது யார் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அவளுடைய வலது முன்கையில் வட்ட வட்டமாகச் சின்னப் புள்ளிகள் வரிசையாகக் கறுத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் தெறித்ததாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஜல்லிக்கரண்டியின் துளைகள் அவை. கொதிக்கிற எண்ணெயிலிருந்து எடுத்த கரண்டியை அவன் அவள் கையில் வைத்து அழுத்தியிருக்கிறான். ஒரு தடவை அல்ல.

கல்யாணமான இரண்டாவது மாதமே அடி தொடங்கியது. வாழைமண்டியில் அவன் எடுத்த குலையைப் பார்த்து இது விளையவில்லை என்று மண்டிக்காரர் முன்னால் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் குலைத்தண்டாலேயே அடித்தான். பிறகு விறகால், பெல்ட்டால், உரித்த தோலை அள்ளும் இரும்புத் தட்டால். ஒருமுறை இரண்டு விலா எலும்பு விட்டுப்போனது. மாடிப்படியில் விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னாள். அவர்கள் இருந்தது படியில்லாத ஓட்டு வீடு. அடித்து முடித்தால் அவன் அழுவான். காலில் விழுந்து அழுவான். மறுநாள் காலையில் சர்ச்சில் போய்ப் பாடுவான். பாதிரியாரிடம் அவள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். பொறுத்துப் போகச் சொல்லி இருவருக்கும் சேர்த்து ஜெபம் செய்து அனுப்பினார்.

பன்றியை வெட்டினவள் ஏன் இவனிடம் அடிவாங்கினாள் என்று நான் கேட்டேன்.

"மவ ஜினிஷா இருந்தா. நான் திருப்பி அடிக்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்னு எனக்குத் தெரியும். கொச்சுக்கு அப்பன் வேணுமில்லா?" என்றாள்.

ஜினிஷா ஒரே மகள். நன்றாகப் படித்தாள். நர்ஸிங்கில் சேர்ந்து விடுதிக்குப் போனாள். அப்பாவுக்கு மகள் மேல் உயிர். அவளை ஒருநாளும் அவன் கை நீட்டித் தொட்டதில்லை. அவள் வீட்டில் இருக்கும்போது அம்மாவையும் அடிக்க மாட்டான். அதனால் அடியைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது குறைவு. தெரிந்ததையும் தெரியாததுபோல வைத்துக்கொண்டாள்.

மகள் விடுதிக்குப் போன பிறகு தடுக்க ஆளில்லை. அந்தச் சமயத்தில்தான் ஊர் ஊராகச் சாப்பாட்டுக் கடைகளைப் படம் பிடித்து யூடியூபில் போடுகிற ஒருவன் வந்தான். யேசுதாசன் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றான். இந்த ருசிக்குக் காரணம் என்ன, பொரிக்கிறது யாரு என்று வந்தவன் கேட்டான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து விக்டோரியா, யோசிக்காமல், நான்தான் என்று சொல்லிவிட்டாள். கேமரா அவள் பக்கம் திரும்பியது. குலையைத் தூக்கிப் பார்ப்பது, சீவுவது, உப்புத் தண்ணீர் விடுவது, காது கொடுத்துக் கேட்பது எல்லாவற்றையும் எடுத்தான். நான்கே நாளில் லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். மதுரையிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் காரில் வந்தவர்கள் யேசுதாசனைத் தாண்டி எட்டிப் பார்த்து, அந்த அக்கா இல்லையா என்று கேட்டார்கள்.

யேசுதாசன் அவளுடைய வலது கையை உருளியின் விளிம்பில் வைத்து அழுத்தினான். இந்தக் கைதானே என்று கேட்டுக்கொண்டே அழுத்தினான். உள்ளங்கைத் தோல் உருளியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மறுநாளும் கடை திறந்தார்கள். அவள் துணி சுற்றிய கையோடு இடது கையால் சீவினாள்.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, காலை பத்தரை மணிக்கு, நான் அந்தக் கடையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். முதலில் நின்றவர் கோட்டாற்றைச் சேர்ந்த ஜுபைதா பீவி. அறுபது வயதிருக்கும். மகன் ஜாஸிம் துபாய்க்குக் கிளம்புகிறான், அவனுக்குக் கொடுத்துவிட வந்திருந்தார். யேசுதாசன் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான்.

உள்ளேயிருந்து விக்டோரியா குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "உம்மா, இன்னைக்கு வாங்காதீங்க. இது தேங்காயெண்ணெ இல்ல. பாமாயில் கலந்திருக்கு. நான் சொல்லியும் கேக்கல்ல."

வரிசையில் எல்லோருக்கும் அது கேட்டது. யேசுதாசன் பொட்டலத்தைக் கீழே வைத்தான். சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன். சுவரைத் தாண்டி உள்ளே போனான். உருளியில் கிடந்த ஜல்லிக்கரண்டியை எடுத்து, எண்ணெய் சொட்டச் சொட்ட, அவள் முகத்தில் அடித்தான். காதோடு சேர்ந்து கன்னம் வெந்தது. இரண்டாவது அடி கழுத்தில் விழுந்தது. "என்னை நாற அடிக்கியாட்டி? ஊருக்கு முன்னால வச்சு நாற அடிக்கியா?" என்றான். கரண்டியை வீசிவிட்டு அவள் தலைமுடியைப் பின்னாலிருந்து பிடித்தான். உருளியை நோக்கித் தலையை அமுக்கினான்.

பதினைந்து பேராவது நின்றிருப்போம். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டியும் இடுப்புயரச் சுவரும்தான். நான் அசையவில்லை.

அவள் இரண்டு கையையும் அடுப்புத் திண்டில் ஊன்றி எதிர்த்துத் தள்ளினாள். முகம் எண்ணெய்க்கு ஒரு சாண் மேலே நின்றது. முன்முடி எண்ணெய் ஆவியில் சுருண்டு பொசுங்கியது. வலது கை திண்டில் தடவித் தடவிப் போய் உப்புத் தண்ணீர்ப் பானையைத் தொட்டது. அவள் அதைப் பார்த்தாள். கண்ணை அதன்மேல் வைத்து ஒரு கணம் பார்த்தாள், அதை நான் பார்த்தேன். பிறகு தலையைச் சுவர்ப் பக்கம் ஒடித்துத் திருப்பிக்கொண்டு பானையோடு தண்ணீரை உருளிக்குள் கவிழ்த்தாள்.

குண்டு வெடித்தது போலிருந்தது. எண்ணெய் கூரைவரை எழுந்து விழுந்தது. குனிந்து அமுக்கிக்கொண்டிருந்த அவன் முகத்திலும் நெஞ்சிலும் முழுதாக விழுந்தது. அவளுக்கு முதுகிலும் தோளிலும். வழிந்த எண்ணெயில் தீ பிடித்து, அடுத்த நொடி அடுப்புத் திண்டு முழுக்க எரிந்தது. என் மணிக்கட்டில்கூட இரண்டு சொட்டு விழுந்தது. எல்லோரும் ரோட்டுக்கு ஓடினோம். ஜுபைதா பீவி மட்டும் உள்ளே போனார். கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, சுவருக்கு மேல் குனிந்து, விக்டோரியாவின் அக்குளில் கைகொடுத்து இழுத்து ரோட்டில் போட்டார். யேசுதாசன் தானாகவே வெளியே வந்தான், முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு. கையை எடுத்தபோது தோலும் கூட வந்தது. கடை அரைமணி நேரத்தில் எரிந்து முடிந்தது.

இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், அவன் ஆண்கள் வார்டில், அவள் பெண்கள் வார்டில். ஜினிஷா படிப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள். அப்பாவுக்கு வலது கண் போய்விட்டது. மூக்கின் ஒரு பக்கம் இல்லை. பழைய கட்டை நனைத்து எடுத்துப் புதுக் கட்டுப் போடுவதை அவளே செய்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் போடுகிற சத்தம் பெண்கள் வார்டுவரை கேட்கும். அம்மாவுக்கும் அவள்தான் கட்டு மாற்றினாள். ஆனால் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முதுகிலிருந்து துணியை எடுக்கும்போது வலித்தால்கூட விக்டோரியா வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் மட்டும் ஜினிஷா சொன்னாள்: "அடிச்சான்னு சொன்னிய, சரி. அப்பாவுக்க கண்ணை எடுத்தியே."

யேசுதாசனின் அண்ணன் பொன்னுலிங்கம் கொடுத்த புகாரில் கொலை முயற்சி வழக்குப் பதிவானது. ஆஸ்பத்திரியிலிருந்தே விக்டோரியாவைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஜாமீன் கிடைக்க மூன்று மாதமானது. அங்கேயும் அவள் சாதுவாக இருக்கவில்லை. புருஷனைச் சுட்டவள் என்று ஒருத்தி முதுகுக் கட்டைப் பிடித்து இழுத்து வம்புக்கு வந்திருக்கிறாள். விக்டோரியா அவளுடைய முன்பல் இரண்டை உடைத்துவிட்டாள். பிறகு யாரும் பக்கத்தில் வரவில்லை.

வழக்கில் அவள் பக்கம் ஜுபைதா பீவியைத் தவிர சாட்சி கிடைக்கவில்லை. அன்று வரிசையில் நின்ற மற்ற யாருக்கும் எதுவும் தெரியவில்லை, தீயைப் பார்த்து ஓடினோம் என்றார்கள். நானும் போலீஸிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். கோர்ட், கல்லூரி, பொன்னுலிங்கத்தின் ஆட்கள் எல்லாவற்றையும் யோசித்துத்தான் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜுபைதா பீவி என் வீட்டைத் தேடி வந்தார். இரண்டு கையிலும் தீப்பட்ட தழும்பு இருந்தது. தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"வினோஜ் சாரே, நீங்க எனக்குப் பொறத்தேதான நின்னீங்க. அவன் தலைய அமுக்குனதைப் பாத்தீங்களா, இல்லியா?" என்றார்.

பார்த்தேன் என்றேன்.

"அப்போ அதைச் சொல்லணும். அவ தண்ணியக் கவுத்ததையும் பாத்தீங்கன்னா அதையும் சொல்லுங்க. ரெண்டையும் சொல்லுங்க. ஒண்ணும் பாக்கல்லன்னு மட்டும் சொல்லாதீங்க."

போய்ச் சொன்னேன். பொன்னுலிங்கத்தின் ஆட்கள் கோர்ட் வாசலில் என் சட்டையைப் பிடித்தார்கள். ஒருவன் வயிற்றில் குத்தினான், நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அது பெரிய விஷயமில்லை. எழுந்து போய்க் கூண்டில் ஏறினேன். அவன் அமுக்கியதைச் சொன்னேன். கவிழ்க்கும் முன் அவள் பானையைப் பார்த்தாளா என்று அரசு வக்கீல் கேட்டார். பார்த்தாள் என்று சொன்னேன். விக்டோரியாவின் வக்கீல் என்னை வெட்டிவிடுவதுபோல முறைத்தார்.

அவளை விசாரித்த நாளில் அவரே தலையில் கை வைத்துக்கொண்டார். கை தவறிப் பானை விழுந்தது என்று சொல்லச் சொல்லியிருந்தார். அவள் நீதிபதியைப் பார்த்து நேராகச் சொன்னாள்: "கை தவறல்ல. எனக்க தலைய எண்ணெயில முக்க வந்தான். வேற ஒண்ணும் எட்டல்ல, பானைதான் எட்டுச்சு. கவுத்தா என்ன ஆவும்னு எனக்கு நல்லாத் தெரியும். இருவத்தஞ்சு வருசமா அதுதான எனக்க வேல."

தீர்ப்பு வர இரண்டு வருடம் ஆனது. உயிரைக் காத்துக்கொள்ளச் செய்தது என்று விடுதலை செய்தார்கள். யேசுதாசன் அண்ணன் வீட்டோடு போய்விட்டான். வெளியே வருவதில்லை.

ஜுபைதா பீவியின் குடும்பத்துக்குக் கோட்டாற்றில் சரக்கு அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கி உண்டு. அதன் முன்பக்கத்து அறையை அவளுக்குக் கொடுத்தார்கள். பெயர்ப்பலகை எழுதவில்லை. உருளியை வாசல் பக்கமாக, ரோட்டைப் பார்த்து வைத்தாள். வாங்க வருகிறவர்கள் அவள் முகத்துக்கு நேரே நின்றுதான் வாங்க வேண்டும், வெந்து சுருங்கிய காதையும் கன்னத்தையும் பார்த்துக்கொண்டுதான். முதல் மாதத்தில் பொன்னுலிங்கம் இரண்டு பேரோடு வந்து அடுப்பை உதைத்துத் தள்ளினார். அவள் காய் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். அவர் முழங்கையில் ஒரு வெட்டு விழுந்தது, பதினோரு தையல். இரண்டாவது வெட்டு விழவில்லை. ஓங்கிய கையை அவளே இறக்கினாள். அன்று சாயங்காலம் என்னிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: "நிறுத்திட்டேன் சாரே." அந்த வெட்டுக்காகப் போட்ட வழக்கு இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது.

ஜினிஷா விட்ட படிப்பை முடித்தாள். அப்பாவைப் பார்க்க மாதாமாதம் போவாள், கண்ணுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பாள். கோட்டாற்றுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. போன வருடம் சவுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று காலை ஒன்பது மணிக்குக் கடை முன்னால் ஒரு கார் நின்றது. நானும் அங்கே இருந்தேன், அண்ணனுக்கு வாங்குவதற்காக. ஜினிஷா இறங்கி வந்து உருளிக்கு இந்தப் பக்கம் நின்றாள். விக்டோரியா சீவிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. நிறுத்தினால் உருளியில் கிடப்பது கருகிவிடும்.

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் கடைக்க உள்ள நின்னிருந்தா, அந்தத் தண்ணிய ஊத்தியிருப்பியா?" என்று மகள் கேட்டாள்.

விக்டோரியா ஒரு கரண்டி உப்புத் தண்ணீரை விட்டாள். எண்ணெய் இரைந்தது. அது அடங்கும்வரை காது கொடுத்துக் கேட்டாள். அள்ளித் தட்டில் போட்ட பிறகு அடுப்பை அணைத்தாள்.

"நீ நின்னிருந்தா ஊத்தியிருக்க மாட்டேன் மக்களே. அவன் என்னை முக்கியிருப்பான். அதையும் நீ பாத்திருப்ப" என்றாள்.

ஜினிஷா உள்ளே வந்து, அம்மாவின் தோளில் கிடந்த துணியை விலக்கி, முதுகுத் தழும்பை விரலால் அழுத்திப் பார்த்தாள், நர்ஸ் பார்ப்பதுபோல. இந்த இடத்தில் தோல் இறுகுகிறது, தினமும் எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டும், யாரையாவது தேய்த்துவிடச் சொல் என்றாள். ஜுபைதா உம்மாவிடம் சொல்கிறேன் என்றாள் விக்டோரியா. டிரைவர் ஹாரன் அடித்தார். திருவனந்தபுரம் போய்ச் சேர வேண்டிய நேரமாகிவிட்டது. ஜினிஷா இரண்டு பாக்கெட் சிப்ஸை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

எனக்கு வேண்டியது அன்று கிடைக்கவில்லை. இன்னைக்கு முடியாது சாரே, நாளைக்கு வாங்க என்று சொல்லிவிட்டு, உரித்து வைத்திருந்த காய் எல்லாவற்றையும் மஞ்சள் தண்ணீரிலேயே விட்டு, விக்டோரியா பத்து மணிக்கே கடையை அடைத்தாள்.